பாறை தந்த வாயு: வரவும் செலவும்



மும்பை, தில்லி, வடோதரா முதலிய நகரங்களில் குடியேறி வாழும் தமிழ் மக்கள் பலருடைய இல்லங்களில் இன்று விறகு இல்லை, மண்ணெண்ணெய் இல்லை, எரிவாயு உருளை எப்போது வரும் என்று வாயிலை நோக்கிக் காத்திருக்கும் தொல்லையும் இல்லை. சுவரை ஒட்டி வரும் மெல்லிய குழாய் ஒன்று. அதன் நடுவே சிறிய மானி ஒன்று. குமிழைத் திருகினால் நீலச் சுடர் எழுகிறது. எரிந்த வாயுவின் அளவை மானி எண்ணி வைத்துக்கொள்கிறது. கணக்கு வந்ததும் பணத்தைக் கட்டிவிடுகிறோம். பூமியின் வயிற்றிலிருந்து இத்தகைய வாயு எவ்வாறு வெளிவருகிறது, அதை வெளிக்கொணரும் இடத்தில் வாழ்வோருக்கு என்ன நேருகிறது என்று எண்ணிப் பார்ப்பவர் சிலரே.

வீட்டு அடுப்புக்கு வருவது பெரும்பாலும் உள்நாட்டு வாயுவே. ஆயினும் உர ஆலைகள், மின் நிலையங்கள், தொழிற்சாலைகள் ஆகிய அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், நாட்டுக்கு வேண்டிய இயற்கை வாயுவில் ஏறத்தாழப் பாதி கப்பலேறி வருகிறது. 2018ஆம் ஆண்டு மார்ச்சு 30ஆம் நாள் மராட்டியக் கரையிலுள்ள தாபோல் துறையை ஒரு கப்பல் வந்தடைந்தது. அமெரிக்காவின் லூயிசியானா மாநிலத்துச் சபைன் பாஸ் துறையில், கடுங்குளிரில் திரவமாக்கப்பட்ட வாயு அதில் இருந்தது. ஆண்டுதோறும் 35 லட்சம் டன் வீதம் இருபது ஆண்டுகளுக்குப் பெறுவதாக 2011இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் முதல் வரவு அது. அமெரிக்க வாயுவில் பெரும்பங்கு இன்று எவ்வாறு கிடைக்கிறது? ஆழத்திலுள்ள பாறையை நீரின் அழுத்தத்தால் பிளந்து எடுக்கப்படுகிறது. பிராக்கிங் என்று உலகம் வழங்கும் இம்முறையைத் தமிழில் நீரியல் விரிசல் முறை என்கிறோம்.

இம்முறை எவ்வாறு பிறந்தது, அதனால் விளைந்த நன்மை எவ்வளவு, அதன்பொருட்டுச் சில ஊர்கள் கொடுத்த விலை யாது என்பவற்றை இன்று காண்போம். காவிரிப் படுகையைப் பிறந்த மண்ணாகக் கொண்டவர்களுக்கு இது வெறும் அயல்நாட்டுச் செய்தியன்று. அதனை இறுதியில் கூறுவேன்.

பாறைக்குள் சிறைப்பட்ட வாயு

பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியில் சேறு படிந்தது. மாண்ட நுண்ணுயிர்களும் அச்சேற்றோடு கலந்தன. மேலே மேலே மண் படிய, அடியிலிருந்த சேறு அழுந்தி இறுகி ஏடு ஏடான பாறையாயிற்று. அதனை ஷேல் என்பர். உள்ளே அகப்பட்ட உயிர்ப்பொருள் வெப்பத்தால் எண்ணெயாகவும் வாயுவாகவும் மாறியது. அவ்வாறு பிறந்த வாயுவில் ஒரு பகுதி மெல்ல மேலேறி மணற்பாறைகளில் தங்கிற்று. மணற்பாறையில் துளைகள் உண்டு. ஆதலால் அங்கே குழாயை இறக்கினால் வாயு தானே மேலெழும். நெடுங்காலம் உலகம் எடுத்துப் பயன்படுத்தியது பெரும்பாலும் இத்தகைய வாயுவையே. தாய்ப்பாறையாகிய ஷேலிலேயே தங்கிவிட்ட வாயுவோ சிறைப்பட்டதற்கு ஒப்பாகும். அந்தப் பாறையில் வாயு செல்ல வழியில்லை. வழி வேண்டுமாயின் பாறையைப் பிளக்க வேண்டும்.

ஷேலிலிருந்து வாயு பெறுவது புதிதன்று. நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த பிரிடோனியா என்னும் சிற்றூரில், வில்லியம் ஹார்ட் என்பவர் 1821ஆம் ஆண்டு வாக்கில் சுமார் 27 அடி ஆழத்துக்குக் கிணறு தோண்டி, இயல்பான வெடிப்புகளின் வழியே கசிந்த வாயுவைப் பிடித்து விளக்கெரியச் செய்தார். பின்னர் 1859இல் பென்ஸில்வேனியாவின் டைட்டஸ்வில் என்னுமிடத்தில் எண்ணெய்க் கிணறு தோன்றியதும், உலகத்தின் கவனம் எண்ணெயின்மேல் சென்றுவிட்டது.

வெடியிலிருந்து நீருக்கு

பாறையைப் பிளக்கும் எண்ணம் முதலில் ஒரு போர்வீரரின் உள்ளத்தில் எழுந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றிய எட்வர்ட் ராபர்ட்ஸ், 1862இல் பிரெடரிக்ஸ்பர்க் களத்தில் நீர்க்கால்வாய் ஒன்றில் வெடிகுண்டுகள் வீழ்ந்து வெடித்ததைக் கண்டார். நீரால் சூழப்பட்ட வெடி தன் விசையைப் பக்கவாட்டில் செலுத்துவதைக் குறித்துக்கொண்டார். 1865இல் டைட்டஸ்வில் அருகே, எண்ணெய்க் கிணற்றுக்குள் வெடிமருந்து நிறைத்த இரும்புக் குப்பியை இறக்கி, மேலே நீரை நிரப்பி வெடிக்கச் செய்தார். வற்றிய கிணறு மீண்டும் சுரந்தது. அவ்வாண்டிலேயே உரிமைப் பட்டயமும் பெற்றார். அவருக்குக் கட்டணம் செலுத்த விரும்பாதவர்கள் இரவோடிரவாகத் திருட்டுத்தனமாக வெடி வைத்து உயிரிழந்ததும் உண்டு.

வெடிக்கு மாற்றாக 1930களில் அமிலத்தைச் செலுத்திச் சுண்ணாம்புப் பாறையைக் கரைக்கும் வழக்கம் வந்தது. அமிலத்தை மிகுந்த அழுத்தத்தில் செலுத்தும்போது பாறையே பிளந்துவிடுவதைப் பொறியியலார் கண்டனர். 1947இல் கான்ஸாஸ் மாநிலத்து ஹ்யூகோட்டன் வாயு வயலில், கெட்டியாக்கிய பெட்ரோலை ஆயிரம் காலன் அளவில் 2,400 அடி ஆழத்துப் பாறைக்குள் செலுத்திப் பார்த்தனர். அந்தக் கிணற்றில் வாயு பெரிதாகப் பெருகவில்லை. எனினும் முறை கைவந்துவிட்டது. 1949 மார்ச்சு 17ஆம் நாள் ஓக்லஹோமாவிலும் டெக்ஸாஸிலும் இம்முறை வாணிக நோக்கோடு முதன்முதலாகக் கையாளப்பட்டது. முதல் ஓராண்டிலேயே முந்நூறுக்கும் மேற்பட்ட கிணறுகள் இவ்வாறு பிளக்கப்பட்டன. பின்னர்ப் பெட்ரோலுக்கு மாற்றாக நீர் வந்தது. பிளந்த வெடிப்பு மீண்டும் மூடிக்கொள்ளாதபடி அதற்குள் மணலைச் செலுத்தினர். வாயிற்கதவு சாத்திக்கொள்ளாமல் இருக்க இடையிலே கல்லொன்றை வைப்பதைப் போன்றது இது.

இடையே மனிதனின் துணிவு எல்லை கடந்ததும் உண்டு. 1967 டிசம்பர் 10ஆம் நாள் நியூ மெக்ஸிகோவில், காஸ்பகி என்று பெயரிட்ட திட்டத்தின்படி, நாலாயிரம் அடிக்கும் கீழே 29 கிலோடன் ஆற்றலுள்ள அணுகுண்டை வெடிக்கச் செய்தனர். பாறை நொறுங்கியது, வாயுவும் வந்தது. ஆனால் அவ்வாயுவில் கதிரியக்கம் கலந்திருந்தது. எந்த வீட்டு அடுப்பும் அதை ஏற்க இயலாது. 1969இலும் 1973இலும் கொலராடோவில் மீண்டும் முயன்று, அதன்பின் அவ்வழியைக் கைவிட்டனர்.

1970களில் அமெரிக்காவில் வாயுத் தட்டுப்பாடு ஏற்பட்டது. குளிர்காலத்தில் பள்ளிகளையும் தொழிற்சாலைகளையும் மூட வேண்டிய நிலை வந்தது. அரசாங்கம் ஷேல் ஆராய்ச்சிக்குப் பொருளுதவி செய்தது. 1980இல் வரிச் சலுகையும் அளித்தது. இச்சூழலில்தான் ஜார்ஜ் மிச்செல் என்னும் டெக்ஸாஸ் தொழிலதிபர், பார்னெட் என வழங்கும் ஷேல் அடுக்கில் 1981இல் முதற் கிணற்றைத் தோண்டினார். கிரேக்க நாட்டிலிருந்து குடியேறிய ஓர் ஏழையின் மைந்தர் அவர். பதினாறு, பதினேழு ஆண்டுகள் செலவு மிகுந்ததேயன்றி ஊதியம் காணவில்லை. கூட இருந்தவர்களே ஐயுற்றனர். கெட்டியான குழம்புக்கு மாற்றாக, வழுவழுப்பு தரும் சிறிதளவு இரசாயனம் கலந்த வெறும் நீரை அவருடைய பொறியியலார் செலவைக் குறைக்கும் பொருட்டுப் பயன்படுத்தினர். 1998 வாக்கில் அம்முறை வெற்றி கண்டது. மிச்செலின் நிறுவனத்தை 2002இல் வாங்கியவர்கள் கிடைமட்டத் துளையிடும் முறையையும் இதனோடு இணைத்தனர். குழாய் நேரே கீழிறங்கி, பாறை அடுக்கை அடைந்ததும் வளைந்து, அதற்குள்ளேயே ஒரு மைலுக்கும் மேலாகப் படுக்கையாகச் செல்லும். செல்லும் வழியெல்லாம் பாறையைப் பிளக்கலாம். ஷேலின் பூட்டு திறந்துவிட்டது.

வரவு

இதனால் விளைந்த நன்மையைக் குறைத்துக் கூறுவது நேர்மையாகாது. 2000ஆம் ஆண்டில் அமெரிக்க வாயு உற்பத்தியில் ஷேலின் பங்கு மிகச் சிறிது; இன்று நான்கில் மூன்று பங்குக்கு மேல். 2008இல் பத்து லட்சம் வெப்ப அலகு வாயுவின் சராசரி விலை ஏறத்தாழ 9 டாலர். 2012இல் அது 3 டாலருக்கும் கீழே இறங்கிற்று. வெளிநாட்டு வாயுவை இறக்குவதற்கெனக் கட்டிய சபைன் பாஸ் துறையே 2016 முதல் ஏற்றுமதித் துறையாயிற்று. 2023இல் திரவ வாயு ஏற்றுமதியில் அமெரிக்கா உலகிலேயே முதலிடம் பெற்றது.

வேறொரு நன்மையும் உண்டு. மின்சாரம் ஆக்குவதற்கு நிலக்கரியை எரித்தால் வெளிவரும் கரியமில வாயுவில், இயற்கை வாயுவை எரிக்கும்போது ஏறத்தாழப் பாதியே வெளிவரும். சாம்பலும் கந்தகப் புகையும் மிகக் குறைவு. 2005இல் அமெரிக்க மின்சாரத்தில் பாதியை நிலக்கரி தந்தது. 2023இல் ஆறில் ஒரு பங்கே தந்தது. அந்நாட்டு மின்நிலையங்கள் வெளிவிடும் கரியமில வாயு அக்காலத்துக்குள் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கு குறைந்தது. காற்றாலைக்கும் கதிரொளி மின்சாரத்துக்கும் இப்பெருமையில் பங்குண்டு; மலிந்த வாயுவுக்கும் பெரும் பங்குண்டு. ஜார்க்கண்டிலும் சத்தீஸ்கரிலும் நிலக்கரித் தூசியின் நடுவே வாழும் நம்மவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

அமெரிக்காவில் தனியார் நிலத்தின் அடியிலுள்ள கனிவளம் பெரும்பாலும் நில உடைமையாளருக்கோ, அவரிடமிருந்து அவ்வுரிமையை வாங்கியவருக்கோ உரியது. பென்ஸில்வேனியச் சட்டப்படி எடுக்கும் வாயுவின் மதிப்பில் எட்டில் ஒரு பங்குக்குக் குறையாமல் உரிமையாளருக்குத் தர வேண்டும். பால்மாடு வளர்த்துக் கடனில் மூழ்கியிருந்த குடியானவர்கள் பலர் இதனால் தலைநிமிர்ந்தனர். நம் நாட்டில் அந்த உரிமைத்தொகை அரசாங்கத்தைச் சேருகிறது. உழவனுக்குக் கிடைப்பது நிலத்துக்கான இழப்பீடே. இரு நாட்டு நிலைமைகளையும் ஒப்பிடும்போது இவ்வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

செலவு

இனிச் செலவைப் பார்ப்போம். ஒரு கிணற்றின் பாறையைப் பிளக்க ஒரு கோடி லிட்டருக்கும் மேற்பட்ட நீர் வேண்டும். சில இடங்களில் இதனைப் போல் பன்மடங்கு வேண்டும். அந்நீரில் நூற்றில் ஒரு பங்கு அளவுக்கு இரசாயனங்கள் கலக்கப்படுகின்றன. நூற்றில் ஒன்று சிறிதே. ஆனால் கோடி லிட்டரில் நூற்றில் ஒன்று லட்சம் லிட்டர் ஆகும். பிளப்பு முடிந்தபின் நீரில் ஒரு பகுதி மேலே திரும்பி வரும். பாறையடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் கிடந்த உப்பும், சில இடங்களில் ரேடியமும் அதனோடு வரும். அதைக் குடிக்க இயலாது. ஆற்றில் விடவும் ஆகாது. மணலைக் கையாளும் தொழிலாளர்களின் நுரையீரலைச் சிலிக்காத் தூசி கெடுக்கும் என்று 2012இல் அமெரிக்க அரசின் தொழில்நல அமைப்புகள் எச்சரித்தன.

மக்கள் பெரிதும் அஞ்சுவது குடிநீருக்கே. வாயுக்குழாய் ஆழத்துக்குச் செல்லும் வழியில் நிலத்தடி நீர்ப்படுகையைக் கடந்தே செல்ல வேண்டும். நம்மூர் உறைகிணற்றில் மண் சரியாதபடி சுடுமண் உறை இறக்குவோமல்லவா? அதுபோல இங்கே எஃகு உறைக்குழாயை இறக்கி, அதற்கும் மண்ணுக்கும் இடையே சிமெண்டை நிரப்புவர். அந்தச் சிமெண்டில் பிளவு இருந்தால் வாயு அதன் வழியே மேலேறி நீரில் கலக்கும். 2009ஆம் ஆண்டுப் புத்தாண்டு நாளில் பென்ஸில்வேனியாவின் டிமக் என்னும் கிராமத்தில் ஒரு வீட்டுக் கிணறு வெடித்துச் சிதறியது. நீரில் சேர்ந்திருந்த மீத்தேன் வாயுவே அதற்குக் காரணம். வேறு பல வீடுகளின் கிணற்று நீரிலும் மீத்தேன் காணப்பட்டது. கிராம மக்கள் நெடுங்காலம் விலைக்கு வாங்கிய நீரையும் வெளியிலிருந்து கொணர்ந்த நீரையும் நம்பி வாழ்ந்தனர். துளையிட்ட நிறுவனம், அவ்வட்டாரத்து நீரில் இயல்பாகவே மீத்தேன் இருந்தது என்றது. அப்பகுதிக் கிணறுகள் சிலவற்றில் முன்பும் மீத்தேன் இருந்தது உண்மையே. ஆனால் துளையிடுவதற்கு முன் ஒவ்வொரு வீட்டுக் கிணற்றிலும் எவ்வளவு இருந்தது? பெரும்பாலும் அதனை எவரும் அளந்து வைக்கவில்லை. அதனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது. 2022இல்தான் அந்நிறுவனம் நீதிமன்றத்தில் குற்றச்சாட்டை எதிர்த்து வாதிடாமல் ஒதுங்கியது.

டியூக் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், வாயுக் கிணறுகளுக்கு ஒரு கிலோமீட்டருக்குள் இருந்த வீட்டுக் கிணறுகளின் நீரில் மீத்தேன் சராசரியாகப் பதினேழு மடங்கு மிகுந்திருந்ததாகக் கூறினர். பிளப்பதற்குச் செலுத்திய இரசாயனம் நீரில் கலந்ததற்கு அவர்கள் சான்று காணவில்லை. 2014இல் வந்த மற்றோர் ஆய்வு, கசிவுக்குக் காரணம் ஆழத்துப் பிளவன்று, உறைக்குழாயும் சிமெண்டும் பழுதுற்றமையே என்று காட்டியது. இதனால் நாம் அறிவது யாது? கீழே ஆறாயிரம் அடியில் எழும் வெடிப்பைக் காட்டிலும், மேலே சில நூறு அடியில் மனிதன் அவசரமாகச் செய்த வேலையே பல இடங்களில் கேடு விளைத்தது. பிளப்பு முறையை முற்றிலும் பழிப்போரும் முற்றிலும் புகழ்வோரும் இவ்வுண்மையைக் கவனிப்பதில்லை.

நடுங்கிய நிலம்

அளந்தவர்களுக்கு உண்மை புலப்படும் என்பதற்கு ஓக்லஹோமா சான்று. 2008க்கு முன் அம்மாநிலத்தில் 3 புள்ளிக்கு மேற்பட்ட நிலநடுக்கம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான். 2015ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழத் தொள்ளாயிரம் நிகழ்ந்தன. 2011இல் பிரேக் என்னும் ஊரில் வீடுகள் இடிந்தன. 2016 செப்டம்பரில் பானி அருகே 5.8 அளவுள்ள நடுக்கம் ஏற்பட்டது. காரணம் பெரும்பாலும் பிளப்பன்று. எண்ணெயோடும் வாயுவோடும் மேலே வந்த உப்புநீரைக் கழிவுக் கிணறுகளின் வழியே மிக ஆழத்தில் திரும்பச் செலுத்தியதே காரணம். அந்நீர் உறங்கிக் கிடந்த பாறைப் பிளவுகளை வழுக்கச் செய்தது. நில அதிர்ச்சிமானிகளின் பதிவு கையில் இருந்ததால் மறுக்க இயலவில்லை. அரசாங்கம் கழிவுநீரின் அளவைக் குறைக்கக் கட்டளையிட்டது. 2019இல் நடுக்கங்களின் தொகை நூறுக்கும் கீழே இறங்கிற்று.

வருந்தத்தக்கது என்னவெனில், இந்த உண்மை அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1962இல் டென்வர் நகரத்தை அடுத்த இராணுவ இரசாயன ஆலை, தன் கழிவுநீரைப் பன்னீராயிரம் அடி ஆழமுள்ள கிணற்றில் செலுத்தத் தொடங்கியது. நிலநடுக்கமே அரிதாயிருந்த அந்நகரில் நடுக்கங்கள் தொடர்ந்தன. நீர் செலுத்திய மாதங்களையும் நிலம் நடுங்கிய மாதங்களையும் ஒப்பிட்டு, டேவிட் எவன்ஸ் என்னும் நிலவியலார் 1965இல் இரண்டுக்கும் உள்ள தொடர்பை வெளிப்படுத்தினார். அடுத்த ஆண்டு நீர் செலுத்துவதை நிறுத்தினர். ஆயினும் 1967இலும் பெரிய நடுக்கங்கள் வந்தன. செலுத்திய நீர் நம் கட்டளைக்கு உடனே அடங்குவதில்லை. இப்பாடத்தை ஏட்டில் எழுதி வைத்தார்கள். ஓக்லஹோமாவில் கழிவுக் கிணறுகளுக்கு அனுமதி தந்தபோது அந்த ஏட்டைப் புரட்டியதாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் பிளப்பினாலேயே 2.3 அளவுள்ள சிறு நடுக்கம் ஏற்பட்டதும் வேலை நிறுத்தப்பட்டது. 2019இல் அங்கு மீண்டும் முயன்றபோது 2.9 அளவுள்ள நடுக்கம் வரவே, அவ்வாண்டு நவம்பரில் அரசாங்கம் இங்கிலாந்து முழுவதிலும் தடை விதித்தது. பிரான்சு 2011இலேயே சட்டத்தால் தடுத்துவிட்டது. நியூயார்க் மாநிலம் 2014இல் இதற்கு இடமில்லை என்று முடிவு செய்தது.

அளக்காமல் விட்டவை

இவ்வரலாறு முழுவதிலும் ஓர் உண்மை ஊடுருவி நிற்கிறது. வாயுவை அளக்க முதல் நாள் தொட்டே மானி இருந்தது. அதனால் வரவு துல்லியமாகத் தெரிந்தது. நீரின் தூய்மையையும் காற்றில் கசிந்த மீத்தேனையும் அளக்கப் பலகாலம் எவரும் மானி வைக்கவில்லை. ஆகவே செலவு தெரியவில்லை. தெரியாத செலவை இல்லாத செலவென்று கொள்வது எளிதாயிற்று.

2005இல் அமெரிக்காவின் ஆற்றல் சட்டம், குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் நிலத்தடிச் செலுத்துகைக் கட்டுப்பாட்டிலிருந்து இம்முறைக்கு விலக்களித்தது. டீசல் கலந்து செலுத்துவதற்கு மட்டும் விலக்கில்லை. மக்களின் முறையீடு பெருகியதால், குடிநீருக்கு நேரும் விளைவை ஆராயுமாறு நாடாளுமன்றம் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனத்தைப் பணித்தது. 2016 டிசம்பரில் வந்த அறிக்கை, சில சூழ்நிலைகளில் குடிநீர் கெடக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. எத்துணை இடங்களில் கெட்டது என்று கூறப் போதிய விவரம் இல்லை என்றும் சொல்லிற்று. அதற்குள் பல்லாயிரக்கணக்கான கிணறுகள் தோண்டியாகிவிட்டன.

மீத்தேன் செய்தியும் அத்தகையதே. எரியாமல் கசியும் மீத்தேன், இருபதாண்டுக் கணக்கில் பார்த்தால், கரியமில வாயுவைப் போல் எண்பது மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். கசிவு மிகுந்தால் நிலக்கரியைவிட மேலானது என்னும் பெருமை கரைந்துவிடும். விமானங்களின் மூலமும் களத்திலும் அளந்து 2018இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவில் எடுக்கும் வாயுவில் நூற்றில் 2.3 பங்கு கசிவதாகக் கணித்தது. அரசாங்கக் கணக்கைவிட அது ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதி.

இத்தொழிலின் தந்தையெனப் போற்றப்படும் ஜார்ஜ் மிச்செலே, 2012இல், தம் இறப்புக்கு ஓராண்டு முன்பு, அரசாங்கம் இம்முறையைக் கண்டிப்பான விதிகளால் கட்டுப்படுத்த வேண்டுமென்று வெளிப்படையாக எழுதினார். விதிகளும் வந்தன. அவ்வாண்டு பென்ஸில்வேனியா செய்த சட்டத்தின்படி, ஷேல் கிணற்றுக்கு 2,500 அடிக்குள் உள்ள குடிநீர், வேலை முடிந்து ஓராண்டுக்குள் கெட்டால், அதற்குத் துளையிட்டவரே பொறுப்பு என்று முதலில் கொள்ளப்படும். முன்பே கெட்டிருந்தது என்று சொல்ல விரும்பினால், துளையிடுமுன் நீரை ஆராய்ந்த சான்றை அவர் காட்ட வேண்டும். 2013இல் கொலராடோ, துளையிடுமுன்னும் பின்னும் நீரைச் சோதிக்க வேண்டும் என்று விதித்தது. ஏழையின் தலையிலிருந்த சான்றுச் சுமையை வலியவரின் தலைக்கு மாற்றின இவ்விதிகள். டிமக் மக்களுக்கு அவை காலம் கடந்து வந்தன.

நம் நாட்டில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்துத் துர்க்காபூர் அருகே, தாமோதர் பள்ளத்தாக்கில், நாட்டின் எண்ணெய் இயற்கை வாயு நிறுவனம் தோண்டிய சோதனைக் கிணற்றில் ஷேல் வாயு முதன்முதலாக வெளிப்பட்டது. 2013இல் அரசுடைமை நிறுவனங்கள் ஷேலை ஆராய அனுமதிக்கும் கொள்கை வந்தது. ஆயினும் வாணிக அளவில் பயன் விளையவில்லை. ஆனால் ராணிகஞ்சு வட்டாரத்தில் நிலக்கரிப் படுகை மீத்தேன் 2007 முதல் வாணிக அளவில் எடுக்கப்படுகிறது. இது ஷேல் வாயுவுக்கு உடன்பிறப்பு போன்றது, ஆனால் ஒன்றன்று. நிலக்கரி அடுக்கிலுள்ள நீரை முதலில் இறைத்து வெளியேற்றினால் அழுத்தம் குறைந்து வாயு பிரியும். வேண்டுமிடத்துப் பாறையையும் பிளப்பர். ஆசன்சோலிலும் துர்க்காபூரிலும் பணியாற்றும் தமிழர்கள் இத்தகைய கிணறுகளைக் கண்ணால் கண்டிருக்கக்கூடும்.

2010இல் இதே மீத்தேனை மன்னார்குடி வட்டாரத்தில் எடுக்க ஒப்பந்தம் ஆயிற்று. செய்தி பரவியதும் காவிரிப் படுகை கொதித்தெழுந்தது. அடியிலுள்ள நீரை மாதக்கணக்கில் இறைத்தால் கிணறுகள் வற்றாவா? கடல் அருகிலிருக்கும் நாட்டில் உப்புநீர் உள்ளே புகாதா? இவையே உழவர்கள் கேட்ட கேள்விகள். இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று மக்களிடம் பேசினார். அப்பணியில் இருக்கும்போதே 2013 டிசம்பர் 30ஆம் நாள் பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில் உயிர் நீத்தார். 2015இல் மாநில அரசாங்கம் அத்திட்டத்துக்கு இடமில்லை என்றது. 2017இல் புதுக்கோட்டை மாவட்டத்து நெடுவாசலில், ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து மக்கள் பல நாள் அறப்போர் நடத்தினர். 2020 பிப்ரவரியில் படுகைப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் நிறைவேறியது. அம்மண்டலத்தில் எண்ணெய், மீத்தேன், ஷேல் வாயு ஆகியவற்றுக்காகப் புதிதாகத் துளையிடுவதை அது தடுக்கிறது. முன்பே நடைபெற்றுவந்த பணிகளை அது தொடவில்லை.

இங்கே உழவர்களின் அச்சம் மிகையென்றனர் சிலர், குறைவென்றனர் சிலர். தாங்கள் கேட்ட கேள்விக்கு எண்ணால் விடை சொல்லுங்கள் என்பதே அவர்களின் வேண்டுகோளின் உட்பொருள். ஆழத்தில் இத்தனை நீரை இறைத்தால் இந்தக் கிணற்றில் இத்தனை அடி குறையும் என்று முன்கூட்டிச் சொல்லவும், சொன்னது தவறினால் பொறுப்பேற்கவும் எவரும் முன்வராதபோது, நிலத்தையே வாழ்வாகக் கொண்டவன் மறுப்பதைத் தவிர வேறு என்ன செய்வான்? அவனுக்கு வயல் ஒன்றே. அது கெட்டால் மாற்று வயல் தேடிச் செல்ல இயலாது. இயன்றாலும், ஊரை விட்டு வந்து வாழ்வதன் அருமை பெருமைகளை உங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டுமோ?

வாயு வேண்டாம் என்று சொல்வது நம் நோக்கமன்று. நிலக்கரிப் புகையின்கீழ் வாழ்வோருக்கும், விறகுப் புகையில் கண் கலங்கும் தாய்மாருக்கும் அது நன்மையே செய்கிறது. அதன் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதை மறைக்கலாகாது என்பதே நோக்கம். நாடெங்கும் ஆயிரக்கணக்கான கண்காணிப்புக் கிணறுகளில் மத்திய நிலத்தடி நீர் வாரியம் நீர்மட்டத்தை ஆண்டுக்குப் பலமுறை அளந்து வருகிறது. அந்த அளவு மாவட்டத்தின் பொதுநிலையைக் காட்டும். ஒரு குடும்பத்தின் கிணற்றைக் காட்டாது. பொங்கலுக்கோ ஊர்த் திருவிழாவுக்கோ பிறந்த ஊர் செல்லும்போது, வீட்டுக் கிணற்றில் நீர் எத்தனை அடியில் நிற்கிறது, உப்பு எவ்வளவு, நிறம் எப்படி என்பதை நாளும் ஆண்டும் குறித்து ஓர் ஏட்டில் எழுதி வையுங்கள். செலவு ஒன்றுமில்லை, கயிறும் கல்லும் போதும், உப்பைச் சோதிக்க அருகிலுள்ள நீர் ஆய்வுக்கூடம் போதும். துளையிட எவரும் வாராவிடினும் வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் அக்கணக்கு உதவும். ஒருநாள் எவரேனும் வந்தால், டிமக் மக்களிடம் இல்லாத சான்று உங்கள் குடும்பத்தாரிடம் இருக்கும்.